இணையத்தில் பெயர் வழங்கும் அதிகாரம்

தபாலில் இடப்படும் கடிதம் உரியவரிடம் சேரவேண்டுமானால் அதன்மேல் விலாசம் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இணையம் என வழங்கும் உலகளாவிய கணிப்பொறித் தொடர்பிலும் நியதி இதுவே. அதில் சேர்ந்துள்ள கணிப்பொறிகளுக்கு எண்களாலான விலாசங்கள் உண்டு. பழைய முறைப்படி அவ்விலாசம், புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களைக் கொண்டது. ஒவ்வோர் எண்ணும் பூஜ்யம் முதல் 255 வரை இருக்கலாம். யந்திரங்களுக்கு எண்கள் போதும். மனிதருக்கோ எண்களை நினைவில் வைத்திருப்பது எளிதன்று, பெயர்களே வேண்டும். ஆகவே பெயரைச் சொன்னால் எண்ணைத் தரக்கூடிய ஓர் அகராதி எங்கேனும் இருந்தாக வேண்டும். அந்த அகராதியில் யாருடைய பெயர் இடம்பெறலாம், அதைத் திருத்தும் உரிமை எவருக்கு உண்டு, ஒரே பெயரை இருவர் கோரினால் தீர்ப்புச் சொல்வது யார் என்னும் கேள்விகள் தொடக்கத்தில் அற்பமாகவே தோன்றின. முப்பது ஆண்டுகளுக்குள் அவை வல்லரசுகளையும் நீதிமன்றங்களையும் ஐக்கிய நாடுகள் மகாநாட்டையும் ஈடுபடுத்தும் விவகாரமாகிவிட்டன.

ஒரு காரியாலயத்தின் அட்டவணை

1969-ம் ஆண்டில் அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சித் திட்டப் பிரிவு, நான்கு இடங்களிலுள்ள கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைத்து 'அர்ப்பாநெட்' என்னும் தொடர்பை ஏற்படுத்திற்று. லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஸாண்டா பார்பராவிலும் உள்ள கலிபோர்னியா சர்வகலாசாலைகள், யூட்டா சர்வகலாசாலை, ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையம் ஆகியவையே அந்நான்கு. தொடர்பு வளர்ந்தபோது, ஸ்டான்போர்டு நிலையத்தின் தகவல் காரியாலயம் எல்லாக் கணிப்பொறிகளின் பெயர்களையும் எண்களையும் ஒரே அட்டவணையில் எழுதிவைத்து வந்தது. 1972 முதல் அக்காரியாலயத்தின் பொறுப்பை ஏற்றிருந்தவர் எலிசபெத் ஃபெயின்லர் என்னும் பெண்மணி. புதிய கணிப்பொறிக்குப் பெயர் வேண்டுவோர் அவருடைய காரியாலயத்துக்கு எழுதியோ தொலைபேசியில் பேசியோ கேட்பார்கள். அப்பெயர் வேறொருவருக்கு வழங்கப்படாதிருந்தால் அது அவர்களுக்குக் கிடைக்கும். அட்டவணையின் புதிய நகலைப் பிற கணிப்பொறிகள் அவ்வப்போது வருவித்துக்கொள்ளும்.

கணிப்பொறிகள் சில நூறாகப் பெருகியபோது இவ்வேற்பாடு தளர்ந்தது. அட்டவணை நீண்டது, அதை நகலெடுப்பதே தொடர்புக்குச் சுமையாயிற்று, ஓரிடத்தில் புதிய நகலும் மற்றோரிடத்தில் பழைய நகலும் வழங்கியதால் குழப்பம் நேர்ந்தது. நல்ல பெயர்கள் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டன என்ற குறையும் எழுந்தது. 1983-ம் ஆண்டில் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலையின் தகவல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த பால் மொக்கபெட்ரிஸ் இதற்கு ஒரு மாற்றுத் திட்டம் வகுத்தார். 'டொமைன் பெயர் முறை' என அது வழங்குகிறது. அத்திட்டமே சில திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது.

இம்முறையில் பெயர்கள் யாவும் தலைகீழாக நிற்கும் ஒரு மரத்தின் கிளைகளைப்போல் அமைந்துள்ளன. பெயரை வலப்புறமிருந்து இடப்புறமாகப் படிக்க வேண்டும். உதாரணமாக, நம் நாட்டு அரசாங்கத்தின் 'இந்தியா.கவ்.இன்' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இதைத் தேடும் கணிப்பொறி முதலில் மரத்தின் வேரிடம் சென்று, '.இன்' என்னும் பகுதியின் பதிவேடு எங்குள்ளது என விசாரிக்கிறது. வேர் அவ்விடத்தைச் சுட்டும். அங்கே போய் '.கவ்.இன்' எவர் பொறுப்பில் உள்ளது எனக் கேட்கிறது. அப்பொறுப்பாளரிடம் இறுதியாக 'இந்தியா' என்பதன் எண்ணைக் கேட்டுப் பெறுகிறது. இவ்வளவும் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். ஒருமுறை கிடைத்த விடையைக் குறிப்பிட்ட காலம் வரை நினைவில் வைத்துக்கொள்வதால், ஒவ்வொரு தடவையும் வேர்வரை போகவேண்டிய அவசியமில்லை.

இதன் சிறப்பு யாதெனில், உலகிலுள்ள பெயர்களையெல்லாம் ஒரே காரியாலயம் எழுதிவைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கிளைக்கும் உரியவர் தத்தம் கிளையைக் கவனித்துக்கொண்டால் போதும். ஆனால் இங்கு ஒரு நுட்பமும் உண்டு. வேலை பலரிடம் பங்கிடப்பட்டதேயன்றி வேர் ஒன்றாகவே இருக்கிறது. வேர்ப் பட்டியல் மிகச் சிறியது. இன்றைக்கும் அதில் ஏறக்குறைய ஆயிரத்து நானூறு முதல்நிலைப் பெயர்களே அடங்கியுள்ளன. எனினும் அப்பட்டியலிலிருந்து ஒரு வரி நீக்கப்படுமாயின், அதன்கீழ் உள்ள அத்தனை பெயர்களும் நாளடைவில் உலகின் கண்ணுக்கு மறைந்துபோகும்.

போஸ்டல் வகித்த பொறுப்பு

வேர்ப் பட்டியலை ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் காத்து வந்தவர் ஜான் போஸ்டல். மொக்கபெட்ரிஸ் பணியாற்றிய அதே நிலையத்தைச் சேர்ந்தவர். அர்ப்பாநெட்டின் தொடக்கக் காலத்தில் அவர் மாணவர். 1972-ம் ஆண்டில் எழுதிய ஒரு குறிப்பில், எண்களை முறையாக ஒதுக்கித்தர யாரேனும் ஒருவர் வேண்டும் என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் 'நானே?' என்னும் பொருள்பட ஒரு கேள்விக்குறியும் இட்டிருந்தார். மறுப்பவர் எவருமில்லை. பின்னாளில் அப்பணிக்கு 'இணைய எண் ஒதுக்கீட்டு அதிகாரம்' என்னும் பெரும் பெயர் ஏற்பட்டது. அந்த 'அதிகாரம்' பெரும்பாலும் போஸ்டலும் அவருடைய சகாக்கள் சிலருமே. ராணுவ இலாகாவின் ஆராய்ச்சி ஒப்பந்தத்திலிருந்து அவர்களுக்கு ஊதியம் கிடைத்து வந்தது. சட்டத்தின் மூலம் யாரும் அவர்களை நியமிக்கவில்லை.

1984-ம் ஆண்டில் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் முதல்நிலைப் பெயர்கள் எவை என வரையறுத்தனர். வர்த்தகத்திற்கு '.காம்', கல்வி நிலையங்களுக்கு '.எஜு', அமெரிக்க சர்க்காருக்கு '.கவ்', ராணுவத்திற்கு '.மில்', ஏனைய அமைப்புக்களுக்கு '.ஆர்க்' என வகுத்தனர். இவ்வகுப்புக்களை உருவாக்கியதில் ஃபெயின்லரின் காரியாலயத்துக்கும் பங்கு உண்டு. மறு ஆண்டு '.நெட்' சேர்ந்தது. '.காம்' என்ற முடிவோடு முதல் பெயர் பதிவானது 1985 மார்ச் 15-ந் தேதியன்று. ஸிம்பாலிக்ஸ் என்னும் கணிப்பொறிக் கம்பெனி அதைப் பெற்றது.

இவற்றைவிட நுண்ணறிவு மிக்க ஏற்பாடு, நாடுகளுக்குரிய ஈரெழுத்துப் பெயர்கள் பற்றியது. எது நாடு, எது நாடல்ல என்று தீர்மானிப்பது எத்தனை ஆபத்தான காரியம் என்பதைப் போஸ்டல் உணர்ந்திருந்தார். ஆகவே அப்பொறுப்பை அவர் தம் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. சர்வதேசத் தர நிர்ணய ஸ்தாபனம் 1974-ம் ஆண்டிலேயே நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறிகளை வகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டிருந்தது. அதிலுள்ள குறி எதுவோ அதுவே பெயர் என விதி செய்துகொண்டார். பட்டியலில் இல்லாததைக் கேட்பவருக்கு, தர நிர்ணய ஸ்தாபனத்தை அணுகும்படி சொன்னால் போதும். பிரிட்டனுக்கு அப்பட்டியல்படி வரவேண்டிய 'ஜிபி'க்குப் பதிலாக 'யுகே' வழங்குவது இவ்விதிக்கு ஒரு பழைய விலக்கு. 1994-ம் ஆண்டு வெளியிட்ட குறிப்பில் போஸ்டல் மற்றொரு கொள்கையையும் வற்புறுத்தினார். ஒரு பெயரை நிர்வகிப்பவர் அதன் சொந்தக்காரர் அல்லர், அப்பெயரால் பயன்பெறும் சமூகத்தின் தர்மகர்த்தா என்பதே அது.

அக்காலத்தில் நாட்டுப் பெயர்கள் பெரும்பாலும் சர்வகலாசாலைப் பேராசிரியர்களிடமும் ஆராய்ச்சி நிலையங்களிடமுமே ஒப்படைக்கப்பட்டன. தொழில்நுட்பம் தெரிந்தவரா, சொந்த நாட்டில் அவர்மீது நம்பிக்கை உண்டா என்பன மட்டுமே கவனிக்கப்பட்டன. இந்தியாவுக்குரிய '.இன்' 1989-ம் ஆண்டில் வழங்கப்பட்டு, பம்பாயிலிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையத்தின் நிர்வாகத்தில் பல காலம் இருந்தது. சர்க்கார்கள் இதைப் பொருட்படுத்தவேயில்லை. பின்னர் விழித்துக்கொண்டபோது சில இடங்களில் கடும் பூசல் விளைந்தது. 2002-ம் ஆண்டில் தென்னாப்பிரிக்கா தன் பெயரைச் சட்டத்தின் மூலம் சர்க்கார் வசம் கொண்டுவர முயன்றபோது, அதுவரை நிர்வகித்து வந்தவர் பதிவேட்டின் பிரதியை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டார். டுவாலு என்னும் சிறு தீவு நாட்டுக்கோ இவ்வேற்பாடு எதிர்பாராத அதிர்ஷ்டமாக அமைந்தது. அதற்குக் கிடைத்த ஈரெழுத்து '.டிவி' என்பதால், தொலைக்காட்சிக் கம்பெனிகள் பணம் கொடுத்து அதை நாடின. அவ்வருமானத்தின் துணையாலேயே 2000-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையில் சேரும் செலவை அந்நாட்டால் ஏற்க முடிந்தது.

பெயருக்கு விலை ஏற்பட்டது

1990-க்குப் பின் இணையத்தில் வர்த்தகம் புகுந்தது. அதுவரை இலவசமாகக் கிடைத்த பெயர் சொத்தாகியது. 1994-ம் ஆண்டில் ஒரு பத்திரிகையாளர், மெக்டொனால்ட்ஸ் என்னும் புகழ்பெற்ற உணவுக் கம்பெனியின் பெயரைத் தமக்கெனப் பதிவு செய்துகொண்டார். அதைத் தடுக்க விதி எதுவும் இல்லை. நியூயார்க்கிலுள்ள ஒரு பள்ளிக்குக் கணிப்பொறி வசதிக்காகக் கம்பெனி நன்கொடை அளிக்கும்படி செய்து, பெயரை அவர் விட்டுக்கொடுத்தார். இவர் விளையாட்டாகச் செய்ததைப் பிறர் தொழிலாகவே மேற்கொண்டனர்.

பதிவு வேலையை 1993 முதல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அறநிலையத்தின் ஒப்பந்தப்படி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் என்னும் தனியார் கம்பெனி செய்து வந்தது. 1995 செப்டம்பர் முதல் ஒவ்வொரு பெயருக்கும் ஆண்டுக்கு 50 டாலர் வசூலிக்க அதற்கு அனுமதி கிடைத்தது. '.காம்' பெயர்களைப் பதிவு செய்ய வேறு இடமே இல்லை. ஆதலால் ஆராய்ச்சிக்கெனப் பொது நிதியில் வளர்ந்த ஓர் ஏற்பாடு ஒரே கம்பெனியின் ஏகபோகமாகிவிட்டது என்ற கண்டனம் எங்கும் எழுந்தது; அக்கண்டனம் நியாயமானதே. போஸ்டலும் இணையச் சங்கமும் சர்வதேசத் தந்திப் போக்குவரத்துச் சங்கத்தின் வழிவந்த ஐக்கிய நாடுகள் அமைப்பும் பிறரும் கூடி, புதிய முதல்நிலைப் பெயர்கள் ஏழும் போட்டிப் பதிவாளர்களும் வேண்டுமென ஓர் உடன்படிக்கை தயாரித்து, 1997 மே மாதம் ஜெனீவாவில் கையெழுத்திட்டனர். அமெரிக்க சர்க்கார் அதை ஏற்கவில்லை. வேர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அப்போதுதான் பகிரங்கமாக எழுந்தது.

இதற்குப் பின் நிகழ்ந்தது சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. உலகில் அப்போது 13 வேர்க் கணிப்பொறிகள் இருந்தன. அவற்றுள் 'ஏ' என்னும் முதற் கணிப்பொறி வர்ஜீனியாவில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் வசம் இருந்தது. மற்ற 12-ம் நாள்தோறும் அதிலிருந்தே பட்டியலை நகலெடுத்து வந்தன. 1998 ஜனவரி 28-ந் தேதி போஸ்டல், அந்தப் பன்னிரண்டில் எட்டை நடத்தி வந்தவர்களுக்கு மின்னஞ்சல் விடுத்தார். இனிமேல் 'ஏ'யிடமிருந்து அன்றித் தம் நிலையத்தின் கணிப்பொறியிலிருந்து பட்டியலைப் பெற்றுக்கொள்ளும்படி அதில் கேட்டிருந்தார். எண்மரும் இணங்கினர். அமெரிக்க சர்க்கார் இலாகாக்களிடமும் கம்பெனியிடமும் இருந்த எஞ்சியவை பழையபடியே இயங்கின. இரு பட்டியல்களும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தமையால் உலகில் எவரும் மாறுதலை உணரவில்லை. ஆனால் வேர் இரண்டாகப் பிளந்திருந்தது. போஸ்டல் விரும்பியிருந்தால் தம் பட்டியலில் புதிய பெயர் ஒன்றைச் சேர்த்திருக்கலாம். அப்பெயர் சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது.

ஜனாதிபதி கிளிண்டனின் ஆலோசகரும் இணைய விவகாரங்களைக் கவனித்து வந்தவருமான ஐரா மேகசினர் செய்தியறிந்து கடுமையாக ஆட்சேபித்தார். தாம் செய்தது ஒரு சோதனை மட்டுமே என்று போஸ்டல் விளக்கம் கூறி, சில நாட்களில் பழைய நிலைக்கே திரும்பும்படி கேட்டுக்கொண்டார். அது உண்மையிலேயே சோதனையா, எச்சரிக்கையா என்பது குறித்து அபிப்பிராய பேதம் உண்டு. எப்படியாயினும் அதன் விளைவு இரண்டு தரப்பினருக்கும் ஒரு பாடமாயிற்று. வேர்ப் பட்டியலின் பலம் எந்தச் சட்டத்திலும் எந்த யந்திரத்திலும் இல்லை. அதை நகலெடுப்பவர்கள் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து நகலெடுக்கச் சம்மதிப்பதில்தான் இருக்கிறது. சர்க்கார் கட்டளையிடலாம், ஆனால் அந்தச் சம்மதத்தைக் கட்டளையால் உண்டாக்க இயலாது. மறுபுறம், தனி மனிதர் ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி உலகின் பெயரேட்டை விட்டுவைப்பதும் இனிச் சாத்தியமில்லை என்பது தெளிவாயிற்று.

ஐகான் ஏற்பட்டதும் அதன் சோதனைகளும்

ஜூன் 5-ந் தேதி அமெரிக்க வர்த்தக இலாகா ஓர் அறிக்கை வெளியிட்டது. பெயர் நிர்வாகத்தை லாபநோக்கற்ற தனியார் கழகம் ஒன்றிடம் ஒப்படைத்து, தான் படிப்படியாக விலகிக்கொள்வதாக அதில் அறிவித்தது. செப்டம்பர் 30-ந் தேதி கலிபோர்னியாவில் 'ஐகான்' என்று சுருக்கமாக வழங்கும் கழகம் பதிவாயிற்று. அதன் தொழில்நுட்பத் தலைமையை ஏற்கவிருந்த போஸ்டல் அக்டோபர் 16-ந் தேதி, இருதய சிகிச்சைக்குப் பின் காலமானார். அவருக்கு வயது 55. கழகம் பிறந்து மூன்று வாரங்கூட நிறையவில்லை.

பெயர்த் தகராறுகளைத் தீர்ப்பதே ஐகானின் முதற் பெரும் பணி. 1999-ம் ஆண்டு ஏற்பட்ட விதிப்படி, முறையீடு செய்பவர் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். பெயர் தம் வர்த்தகச் சின்னத்தை ஒத்துக் குழப்பம் விளைவிக்கிறது. எதிரிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை. கெட்ட எண்ணத்துடன் அது பதிவு செய்யப்பட்டுப் பயன்பட்டு வருகிறது என்பன அவை. நம் நாட்டிலும் 2004-ம் ஆண்டில் சத்யம் இன்போவே வழக்கில் சுப்ரீம் கோர்ட், டொமைன் பெயர் வெறும் விலாசமன்று, வர்த்தகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டிலேயே '.இன்' பதிவு முறை தாராளமாக்கப்பட்டு, இந்திய தேசிய இணைய மாற்றகத்தின் பொறுப்பில் பெயர்கள் எளிதாகக் கிடைக்கலாயின.

ஐகானின் ஒப்பந்தங்களுக்கு உண்மையில் வலுவுண்டா என்பது 2003 செப்டம்பரில் தெரிந்தது. நெட்வொர்க் சொல்யூஷன்ஸை வாங்கி '.காம்' பதிவேட்டை நடத்தி வந்த வெரிஸைன் கம்பெனி, எவரேனும் எழுத்துப் பிழையோடு இல்லாத பெயரைத் தேடினால் அவர்களைத் தன் விளம்பரப் பக்கத்துக்கு இட்டுச் செல்லும் ஏற்பாட்டைச் செய்தது. 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற விடையை எதிர்பார்த்து இயங்கிய பல யந்திரங்கள் தடுமாறின. ஐகானின் வற்புறுத்தலால் மூன்று வாரத்துக்குள் கம்பெனி அதை நிறுத்திக்கொள்ள நேர்ந்தது.

இருப்பினும் ஒரு குறை தீரவில்லை. வேர்ப் பட்டியலில் எந்த மாறுதல் செய்வதாயினும் அமெரிக்க வர்த்தக இலாகாவின் ஒப்புதல் வேண்டியிருந்தது. 2003-ல் ஜெனீவாவிலும் 2005-ல் டூனிஸிலும் கூடிய ஐக்கிய நாடுகள் தகவல் சமூக மகாநாட்டில் பல நாடுகள் இதை எதிர்த்தன. 2011-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இந்தியா, ஐம்பது நாடுகள் கொண்ட கமிட்டி ஒன்று இணையக் கொள்கைகளைக் கவனிக்க வேண்டுமென யோசனை கூறியது. பின்னர் 2015-ல் சர்க்கார், தொழில் துறை, விஞ்ஞானிகள், பொதுமக்கள் எனப் பல தரப்பினரும் கூடி நிர்வகிக்கும் முறைக்கே தன் ஆதரவு எனத் தெரிவித்தது. அமெரிக்க உளவு வேலைகள் 2013-ல் வெளியானது காரியத்தை விரைவுபடுத்திற்று. 2014 மார்ச்சில் அமெரிக்கா தன் மேற்பார்வையை விட்டுவிடச் சம்மதித்தது. அங்குள்ள நான்கு மாகாணங்கள் கடைசி நேரத்தில் நீதிமன்றம் சென்றும் தடையுத்தரவு கிடைக்கவில்லை. 2016 அக்டோபர் 1-ந் தேதி ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அதன்பின் ஐகானின் முதற் பொதுக் கூட்டம் அடுத்த மாதம் ஹைதராபாத்தில் நடைபெற்றது.

தமிழெழுத்துக்களுக்கு இடம் கிடைத்த வரலாறும் இதனுள் அடங்கும். ஆதியில் பெயர்களில் ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறும் எண்களும் சிறு கோடும் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. பிற மொழி எழுத்துக்களை இவற்றின் சங்கேதமாக மாற்றி அனுப்பும் முறை 2003-ல் தரப்படுத்தப்பட்டது. 2007-ல் பதினொரு மொழிகளில் சோதனைப் பெயர்கள் வேர்ப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அவற்றுள் தமிழும் ஒன்று. '.பரிட்சை' என்பது அதற்கு இட்ட பெயர். 'ரி'யைக் குறிலாக எழுதிவிட்டார்கள். ஆயினும் சோதனை வெற்றி பெற்றது. 2010-ல் '.இலங்கை'யும் 2011-ல் '.இந்தியா', '.சிங்கப்பூர்' ஆகியவையும் தமிழெழுத்திலேயே உலகப் பெயரேட்டில் ஏறின. 2012-ல் புதிய முதல்நிலைப் பெயர்களுக்கு விண்ணப்பம் கோரியபோது, ஒவ்வொன்றுக்கும் 1,85,000 டாலர் கட்டணமிருந்தும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன.

போஸ்டல் அன்று நாடுகளின் பட்டியலைப் பிறரிடம் விட்டுவைத்ததன் அருமை 2022-ல் புலனாயிற்று. ரஷ்யப் படைகள் உக்ரேனுள் புகுந்த சில தினங்களில், உக்ரேன் சர்க்கார் ஐகானுக்குக் கடிதம் எழுதி, ரஷ்யாவுக்குரிய '.ஆர்யு'வையும், ரஷ்ய எழுத்திலமைந்த அதன் இணைப் பெயரையும், பழைய சோவியத் பெயரான '.எஸ்யு'வையும் பட்டியலிலிருந்து நீக்கும்படி கோரியது. படையெடுப்புக்கு ஆளான ஒரு நாட்டின் கோரிக்கை அது. அதன் நியாயத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. மார்ச் 2-ந் தேதி ஐகான் விடையளித்தது. தண்டனை விதிப்பது தன் பணியன்று, எந்தத் தரப்பையும் சார்ந்து நிற்க இயலாது, உலகத்தின் பொது இசைவின்றி ஒரு நாட்டுப் பெயரைத் தானாக நீக்கும் அதிகாரமும் தனக்கில்லை என்று அது தெரிவித்தது. ஐரோப்பாவில் எண் விலாசங்களைப் பகிர்ந்தளிக்கும் ஸ்தாபனமும் அவ்வாறே மறுத்தது. மூன்று பெயர்களும் வேர்ப் பட்டியலில் முன்போலவே நின்றன.